உங்களுக்குத் தெரியுமா? பூமி எவ்வளவு உள்வாங்கும்?

சேலம், நாமக்கல் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேகன் வேகனாக வந்து இறங்கும் கரி, எங்கோ ஓர் ஊரின் பூமியைக் குடைந்துதான் வருகிறது. குடைந்த இடத்துக்கு மேலே வீடும் வயலும் ரயில் பாதையும் இருந்தால் என்ன ஆகும்? தரை எத்தனை அடி இறங்கும், எந்த ஓரத்தில் விரிசல் விடும் என்பதைக் கரி வெட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். எழுபது ஆண்டுகளாக வளர்ந்துவரும் அந்தக் கணக்கைப் பற்றிய துணுக்குகள் இந்த முறை.

* * *

நம் பக்கம் கரி கிடைக்காததற்குக் காரணம் பாறையின் வயது. சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறையும், நாமக்கல் சமவெளிக்கு அடியில் கிடக்கும் நைஸ் பாறையும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. இந்தியாவின் கருநிலக்கரி பெரும்பாலும் 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா காலத்துச் சதுப்புக் காடுகள் புதைந்து உண்டானது. சேலத்துப் பாறை உருவான காலத்தில் பூமியில் மரமே இல்லை. இரும்பு இருக்கிறது, கஞ்சமலையில். வெள்ளைக்கல் இருக்கிறது, ஏற்காட்டு அடிவாரத்தில். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் இருக்கிறது. கரிக்கு மட்டும் வழியில்லை.

* * *

சேலத்தின் பாறைகளை முதன்முதலில் முறையாக வரைபடமாக்கியவர்களில் ஒருவர்தான் சிங்கரேணி நிலக்கரியையும் கண்டுபிடித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபுட்டோடு சேர்ந்து திருச்சி, சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறை அமைப்பை 1860-களில் ஆராய்ந்து எழுதினார். பிறகு 1871-இல் இன்றைய தெலங்கானாவின் எல்லந்து அருகே கரி கண்டார். அங்குள்ள ஒரு கரிப்படுகைக்கு இன்றும் 'கிங்' படுகை என்றுதான் பெயர். கூட்டாளி ஃபுட், பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தவர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். அவருடைய அஸ்தி ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஏற்காடு போகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அந்தக் கோயில் வளாகத்துக்கும் ஒருமுறை போய் வரலாம்.

* * *

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் 4, 600 மெகாவாட் அலகு 1. கரியில் பெரும்பங்கு ஒடிசாவின் தால்சேர், ஈப் ஆற்றுப் பள்ளத்தாக்குப் பகுதிகளிலிருந்து வருவது. பாரதீப்பில் கப்பல் ஏறி, எண்ணூரில் இறங்கி, மறுபடி ரயிலேறி மேட்டூர் சேர்கிறது.

இன்று இந்தியா வெட்டும் கரியில் நிலத்தடிச் சுரங்கத்தின் பங்கு சுமார் 4 சதவீதம்தான். மீதியெல்லாம் திறந்தவெளிச் சுரங்கம். ஆனால் மேலோட்டமாகக் கிடக்கும் கரி தீரத்தீர ஆழத்துக்குத்தான் போயாக வேண்டும். 2030-க்குள் நிலத்தடி உற்பத்தியை ஆண்டுக்கு 10 கோடி டன்னாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. அதற்காக 2025-இல் சலுகைகளும் அறிவிக்கப்பட்டன. எனவே பூமி உள்வாங்கும் கணக்கு இனி இன்னும் அதிகமான ஊர்களுக்குத் தேவைப்படும்.

* * *

200 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் கனமான கரிப்படுகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுக்க எடுத்துவிட்டால் மேலே தரை 3 மீட்டர் இறங்குமா? இறங்காது.

கரி போன வெற்றிடத்துக்குள் கூரைப் பாறை உடைந்து விழும். உடைந்த கல், உடையாத பாறையைவிட அதிக இடம் பிடிக்கும். 1 கன மீட்டர் பாறை நொறுங்கினால் 1.3 கன மீட்டர் ஆகிறது என்று கொண்டால், சுமார் 10 மீட்டர் உயரத்துக்குக் கூரை இடிந்ததும் இடிபாடே வெற்றிடத்தை நிரப்பிவிடும். அதற்கு மேலுள்ள அடுக்குகள் இடியாமல், இடிபாட்டின் மேல் வளைந்து படுக்கும். அந்த வளைவு அடுக்கடுக்காக மேலேறித் தரைக்கு வரும்போது, ஆள் படுத்த கயிற்றுக் கட்டில் போல நடுவில் தொய்ந்து ஓரங்களில் மேலேறும் ஒரு பள்ளம் உண்டாகிறது. மேலிருந்து அழுத்தும் எடையில் இடிபாடு கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அந்த இறுக்கம்தான் கடைசிச் சில சென்டிமீட்டர் தாழ்வுக்குக் காரணம். கரி எடுத்து முடித்த பிறகும் தரை மெதுவாக இறங்கிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

* * *

பள்ளம் சுரங்கத்தின் எல்லையோடு நிற்பதில்லை. வெட்டிய இடத்துக்கு வெளியேயும் பரவும். எவ்வளவு தூரம் என்பதற்கு பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம் 1966-இல் ஒரு கையேடு போட்டது, 1975-இல் திருத்தியும் வெளியிட்டது. பள்ளத்தின் ஓரம் சுரங்க ஓரத்திலிருந்து செங்குத்துக் கோட்டுக்கு 35 டிகிரி சாய்வில் வெளியே விரியும். கூரையை இடியவிட்டால் தரை அதிகபட்சமாகக் கரியின் கனத்தில் 90 சதவீதம் வரை இறங்கும். அந்த அதிகபட்சம் வர, வெட்டும் அகலம் ஆழத்தைப்போல் 1.4 மடங்கு இருக்க வேண்டும். இவையே அதன் மூல எண்கள். (1.4 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பிள்ளைகள் கேட்டால்: 35 டிகிரியின் டேன்ஜென்ட் 0.7, இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 1.4.)

உலகம் முழுவதும் பொறியாளர்கள் இந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இந்தியாவில் அது பொருந்தவில்லை. நம் கோண்டுவானா சுரங்கங்களின் கூரையில் கனமான, உறுதியான மணற்கல் அடுக்குகள் இருக்கின்றன. தரையில் ஆணியடித்து அளந்து பார்த்தபோது, தாழ்வு கரியின் கனத்தில் சுமார் 60 சதவீதம், பல இடங்களில் அதற்கும் கீழே. விரியும் கோணமும் பல இடங்களில் 20 டிகிரியைத் தாண்டவில்லை.

பள்ளத்தின் ஆழமும் பரப்பும் குறைவு என்றால் நல்லதுதானே என்று தோன்றும். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. கோணம் குறுகினால் பள்ளத்தின் கரை செங்குத்தாகிவிடுகிறது. கட்டடத்தை உடைப்பது பள்ளத்தின் ஆழத்தைவிடக் கரையின் சரிவுதான். வெளிநாட்டு எண்ணை அப்படியே இங்கே போட்டால் பாதிப்பைப் பரப்பில் கூட்டியும் கடுமையில் குறைத்தும் சொல்லிவிடும். நம் பாறைக்கு நம் ஊரில் அளந்த எண்தான் வேண்டும். இதை ஜார்க்கண்டின் தன்பாத் நகரச் சுரங்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் சுரங்கம் சுரங்கமாக அளந்து நிறுவினார்கள். அந்த உழைப்பைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லையே என்பது எனக்கு வருத்தம்.

* * *

தரை 2 மீட்டர் இறங்கியும் வீட்டில் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம். 20 சென்டிமீட்டர் மட்டும் இறங்கிய இடத்தில் சுவர் பிளக்கலாம். பள்ளத்தின் நடுப்பகுதி முழுக்க ஒரே சீராக இறங்கினால் வீடும் அதனோடு சேர்ந்து இறங்கிவிடும். ஓரத்தில்தான் ஆபத்து. அங்கே தரை இழுபடுகிறது. 1 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் இழுவை என்றால் 10 மீட்டர் சுவருக்கு 3 சென்டிமீட்டர். செங்கல் சுவர் அதைத் தாங்காது. பள்ளத்தின் உட்பக்கச் சரிவில் இதற்கு நேர்மாறாகத் தரை நெருக்கப்படும். அங்கே தளக்கல் புடைத்து எழும்பும், குழாய் வளையும்.

எனவே ஒரு நல்ல கணினி மாதிரி தாழ்வு, சரிவு, இழுவை மூன்றையும் தெருத் தெருவாகப் பிரித்துக் கொடுக்கும். ரயில் பாதை, ஆறு, காடு ஒவ்வொன்றுக்கும் தாங்கும் அளவு வேறு. காட்டுக்கு அடியில் வெட்டும் சுரங்கங்களுக்கு 1 மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் இழுவை என்ற வரம்பை இந்தியாவில் பின்பற்றுகிறார்கள். மரம் தாங்கும், சுவர் தாங்காது. புதிய நிலத்தடிச் சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது தரை எவ்வளவு தாழும் என்ற முன்கணிப்பையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அந்த முன்கணிப்பின் வரைபடம் கோப்புக்குள் முடங்கிவிடக் கூடாது. சுரங்கம் வரும் ஊரின் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில், அவர்கள் மொழியில், தொங்க வேண்டும். எந்தத் தெரு எவ்வளவு இறங்கும் என்று தெரிந்த பிறகும் அந்தத் தெருக்காரருக்கு அதைச் சொல்லாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

* * *

முதல் கணித மாதிரிகளில் ஒன்று போலந்துக்காரருடையது. ஸ்டானிஸ்லாவ் க்னோதே என்ற சுரங்கப் பொறியாளர் 1950-களில் ஓர் எளிய எண்ணத்தைச் சூத்திரமாக்கினார். எடுக்கப்படும் ஒவ்வொரு துண்டுக் கரியும் மேலே தரையில் தனக்கென்று ஒரு சின்னஞ்சிறு பள்ளத்தை உண்டாக்குகிறது. அதன் வடிவம் புள்ளியியலில் வரும் மணிவடிவ வளைவு, தலைகீழாக. எல்லாத் துண்டுகளின் பள்ளங்களையும் கூட்டினால் மொத்தப் பள்ளம் கிடைத்துவிடும். காகிதமும் பென்சிலும் போதும். கணினி வந்த பிறகும் இந்த முறை ஓயவில்லை. இந்தியச் சுரங்கங்களுக்கும் எண்களைத் திருத்திப் பயன்படுத்துகிறார்கள்.

* * *

க்னோதேயின் முறைக்குப் பாறையைப் பற்றிக் கவலையில்லை. மேலே என்ன தெரியும் என்பதை மட்டும் சொல்லும். பாறைக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் வேறு வழி வேண்டும். 1 கிலோமீட்டர் நீளம், 1 கிலோமீட்டர் அகலம், 300 மீட்டர் ஆழம் கொண்ட பூமியை 10 மீட்டர் கனசதுரங்களாகக் கணினிக்குள் வெட்டினால் 3 லட்சம் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் எடை, விறைப்பு, ஒட்டும் வலு, உராய்வு, இழுவை தாங்கும் அளவு எல்லாம் கொடுக்க வேண்டும். பூமிக்குள் ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தையும் கொடுத்து, மாதிரியைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கரி இருக்கும் துண்டுகளை ஒவ்வொன்றாக நீக்கி, மற்றவை எப்படி நகர்கின்றன என்று பார்ப்பார்கள். கரி வெட்டும் வரிசையிலேயே நீக்க வேண்டும். வரிசை மாறினால் விடையும் மாறும்.

பாறை அடுக்கடுக்காகப் பிளந்து விழுவதைக் காட்ட, துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகவும் சுழலவும் முடிகிற முறை தேவைப்பட்டது. அதை 1971-இல் அறிமுகப்படுத்தியவர் பீட்டர் குண்டால். இன்று உலகெங்கும் சுரங்கக் கணக்குக்குப் பயன்படும் 'ஃப்ளாக்' மென்பொருளின் பின்னாலும் அவர்தான்.

* * *

1960 ஜனவரி 21. தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் கரித் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி 435 தொழிலாளர்கள் புதைந்தார்கள். கரியைக் கட்டம் கட்டமாக வெட்டி, இடையில் கரியையே தூணாக விட்டுவைக்கும் முறை அது. நம் நாட்டிலும் பெரும்பாலான நிலத்தடிச் சுரங்கங்கள் இந்த முறையில் வெட்டப்பட்டவைதான்.

தூண் எவ்வளவு தாங்கும் என்று அதுவரை யாரும் சரியாகக் கணித்திருக்கவில்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகு மிக்லோஷ் சாலமன், மன்ரோ இருவரும் நின்ற தூண்கள், நொறுங்கிய தூண்கள் என மொத்தம் 125 இடங்களைத் திரட்டினார்கள். அவற்றில் 27 இடங்கள் இடிந்தவை. தூணின் அகலம் கூடினால் வலு கூடும், உயரம் கூடினால் வலு அதைவிட வேகமாகக் குறையும் என்று 1967-இல் சூத்திரம் தந்தார்கள். இந்தியக் கரிக்கு ஏற்ப தன்பாத்தில் பி. ஆர். ஷேயோரி இன்னொரு சூத்திரம் உருவாக்கினார்; அதில் ஆழமும் ஒரு பங்கு வகிக்கிறது.

தூண் மேல் வரும் சுமையைக் கணக்கிடுவது சுலபம். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு இரண்டரை டன். 200 மீட்டரில் 500 டன். கரியில் பாதியை எடுத்துவிட்டால் மீதிப் பாதி இருமடங்கு தாங்க வேண்டும்: சதுர மீட்டருக்கு 1,000 டன். ஒரு தூண் கைவிட்டால் அதன் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போகிறது. அந்தச் சங்கிலி எங்கே நிற்கும் என்பதைக் கணினி மாதிரியில்தான் பார்க்க முடியும்.

* * *

கணினிக்குக் கொடுக்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? பூமியில் துளைபோட்டுத்தான்.

துளைபோடுவதைப் பற்றித் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தியாவின் எந்த மாநிலத்தில் போர் போட்டாலும் வண்டியில் நம் ஊர்ப் பெயர் இருக்கும். ரிக்கில் வேலை பார்ப்பவர், மேலே பறக்கும் தூளின் நிறத்தையும் சுத்தியல் போடும் சத்தத்தையும் வைத்தே கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவார். ஆனால் தண்ணீருக்குப் போடும் துளையில் பாறை தூளாகத்தான் வெளியே வரும். சுரங்கக் கணக்குக்கு உடையாத பாறை வேண்டும். அதற்கு வைரம் பதித்த வளைய பிட்டால் அறுத்து, உருளை வடிவில் பாறையை முழுசாக எடுக்கிறார்கள். அதில் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான துண்டுகளின் மொத்த நீளம், துளையிட்ட நீளத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். சதவீதம் குறைந்தால் கீழே பாறை விரிசல் விட்டுக் கிடக்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கும் துண்டு, விரிசல் இல்லாத துண்டு. மலையளவு பாறையில் ஆயிரம் விரிசல்கள். ஆய்வக எண்ணை அப்படியே கணினிக்குக் கொடுத்தால் பூமி இறங்கவே இறங்காது என்று விடை வரும். விரிசலுக்கு ஏற்ப வலுவைக் குறைக்கும் வழியை ஹோக், பிரவுன் இருவரும் 1980-இல் தந்தார்கள். அந்தக் குறைப்பு எவ்வளவு என்பதில் மாதிரியின் முழு மதிப்பும் தங்கியிருக்கிறது. திரையில் வரும் வண்ணப் படங்களைப் பார்த்து மயங்கக் கூடாது; எத்தனை துளை போட்டார்கள், எத்தனை இடத்தில் தரையை அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

* * *

கூரை இடிய வேண்டிய நேரத்தில் இடியாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். பெரிய பரப்பு ஒரே வீச்சில் விழுந்தால் அடைபட்ட காற்று சுரங்கப் பாதை வழியே புயலாகப் பாயும். கூரையைத் தாங்கும் முட்டுகளும் நசுங்கும். கூரை எவ்வளவு எளிதில் இடியும் என்பதற்கு இந்திய ஆய்வாளர்கள் ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள்: பாறையின் வலு, எடுத்த உருளைத் துண்டுகளின் நீளம், அடுக்கின் கனம் ஆகியவற்றைச் சேர்த்துப் போடும் கணக்கு. 2,000-க்குள் வந்தால் தானாகவே இடியும். 14,000-ஐத் தாண்டினால் வெடி வைத்தோ வேறு வழியிலோதான் இடிக்க வேண்டும்.

* * *

பாறையின் குணத்தைத் தமிழர்கள் உயிரைக் கொடுத்துக் கற்ற இடம் கோலார் தங்கவயல். வடஆற்காடு, சேலம் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள், 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் வேலை செய்தார்கள். அங்கே பாறை தாழவில்லை, வெடித்தது. அழுத்தம் தாங்காமல் சுவரே சிதறிப் பாய்வதை அவர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். தரைக்கு மேலே வீடுகளிலும் அந்த அதிர்வு தெரியும். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. ஆனால் 1988-இல் தங்கவயலில் தொடங்கிய தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இன்றும் சுரங்கங்கள், அணைகள், நீர்மின் குகைகளுக்குக் கணினி மாதிரி போட்டுத் தருகிறது. அந்த மண்ணில் மாண்டவர்களின் அனுபவம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது.

* * *

எந்தக் கணினியும் கைவிரிக்கும் இடம் மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச். 1774-இல் இந்தியாவின் முதல் நிலக்கரிச் சுரங்கம் தொடங்கிய பகுதி அது. 1970-களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நாட்டுடைமையாவதற்கு முன் தனியார் வெட்டிய பல பழைய சுரங்கங்களுக்கு வரைபடமே கிடையாது. எங்கே தூண், எங்கே வெற்றிடம் என்று தெரியாமல் எதைக் கணக்கிடுவது? ஆழம் குறைந்த பழைய சுரங்கங்களில் பள்ளம் மெல்ல விழுவதும் இல்லை. கூரை இடிந்து இடிந்து மேலேறி, ஒரு நாள் திடீரென்று தரையில் கிணறுபோலத் திறந்துகொள்ளும்.

பக்கத்து ஜரியாவில் இதோடு தீயும் சேர்ந்துகொண்டது. 1916-இல் முதலில் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ இன்னும் முழுக்க அணையவில்லை. தீ தூணையே தின்கிறது. 2017 மே மாதம் ஜரியாவில் ஒரு தந்தையும் மகனும் திடீரென்று திறந்த பள்ளத்தில் விழுந்து மாண்டார்கள். மக்களை இடம்பெயர்க்க 2009-இல் 7,112 கோடி ரூபாயில் திட்டம் வந்தது. 2025 ஜூனில் 5,940 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

* * *

அதே ராணிகஞ்சில் ஒரு துளை 65 உயிரைக் காத்தது. 1989 நவம்பர் 13 அன்று மகாபீர் சுரங்கத்துக்குள் பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. 71 பேர் உள்ளே சிக்கினார்கள். 6 பேர் மூழ்கிவிட்டார்கள். மேலேயிருந்து சுமார் 22 அங்குல விட்டத்தில் துளை போட்டு, இரும்புக் கூண்டு செய்து இறக்கினார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே முதலில் கூண்டில் இறங்கி, ஒவ்வொருவராக 65 பேரையும் மேலே அனுப்பிய பிறகே தாம் வெளியே வந்தார். நம் ஊரில் தண்ணீருக்குப் போடும் ஆறரை இஞ்ச் துளையோடு ஒப்பிட்டால் அந்தத் துளையின் அளவு புரியும். 2010-இல் சிலி நாட்டில் 33 தொழிலாளர்களை மீட்டதும் இதே வழியில்தான். 21 ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் செய்து காட்டியாயிற்று.

* * *

தரை இறங்காமல் கரி எடுக்க வழி உண்டா? உண்டு. எடுத்த இடத்தை மணலும் தண்ணீரும் கலந்து நிரப்பிவிட்டால் தாழ்வு மிகவும் குறைந்துவிடும். ராணிகஞ்ச், ஜரியா ஊர்களுக்கு அடியில் பல இடங்களை தாமோதர் ஆற்று மணலால்தான் நிரப்பினார்கள். வரைபடம் இல்லாத, ஆள் போக முடியாத பழைய வெற்றிடங்களுக்கு மேலிருந்து துளை போட்டு மணல்நீரைப் பாய்ச்சுகிறார்கள். ஆற்று மணலின் அருமை காவிரிக் கரைக்காரர்களுக்குத் தெரியும். மணல் அரிதாகிவிட்டதால் இப்போது அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டு நிரப்பும் ஆய்வுகள் நடக்கின்றன. இந்தியக் கரியில் 30 முதல் 45 சதவீதம் சாம்பல்தான். கரி வெட்டிய குழிக்கே சாம்பலைத் திருப்பி அனுப்புவது நல்ல ஏற்பாடு. ஆனால் சாம்பலிலுள்ள நச்சு உலோகங்கள் நிலத்தடி நீரில் கரையாமல் பார்த்துக்கொள்வதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

* * *

ஆயிரம் அடிக்கும் மேல் போர் போட்டுத் தண்ணீர் உறிஞ்சுகிறோமே, நம் தரை இறங்காதா? நம் பக்கம் தண்ணீர் கெட்டியான பாறையின் விரிசல்களில் நிற்கிறது. நீர் போனாலும் பாறை அமுங்காது. களிமண்ணும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்த இடங்களில் நிலைமை வேறு. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பாசனத்துக்கு நீர் இறைத்தே 1925-க்கும் 1977-க்கும் இடையில் ஓரிடத்தில் தரை ஏறத்தாழ 9 மீட்டர் இறங்கியது. காவிரி நம் பக்கம் பாறைமேல் ஓடுகிறது. டெல்டாவில் அப்படிப்பட்ட படிவ மண்மேல் ஓடுகிறது. டெல்டாவின் கரிப்படுகைகளில் கைவைப்பதற்கு முன் இந்த வேற்றுமையை நினைக்க வேண்டும். 2023 ஏப்ரலில் அங்குள்ள வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலத்திலிருந்து நீக்கியது.

* * *

ஜெர்மனியின் ரூர் பகுதியில் கரி வெட்டியதால் சில இடங்கள் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டன. மழைநீரும் ஆற்று நீரும் தானாக வடியாது. கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. நீர் இறைக்கும் மோட்டார்கள் மட்டும் நிற்கவில்லை. நிற்கவும் கூடாது, நின்றால் ஊர்கள் மூழ்கும். சீனாவின் ஹுவாய்னானில் சுரங்கத்தால் தரை தாழ்ந்து ஏரியான இடத்தில் 2017-இல் 40 மெகாவாட் மிதக்கும் சூரிய மின்நிலையம் அமைத்தார்கள்.

* * *

முன்பெல்லாம் தரையில் ஆணி அடித்து வரிசையாக அளப்பார்கள். இப்போது வானத்திலிருந்தும் அளக்கிறார்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நைசார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தை ரேடாரால் படம் பிடிக்கிறது. இரண்டு படங்களின் அலைகளை ஒப்பிட்டால் தரை எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். அதிலுள்ள இரண்டு ரேடார்களில் ஒன்றின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். ஒப்பீட்டுப் படத்தில் தெரியும் ஒவ்வொரு நிறப்பட்டைக்கும் 12 சென்டிமீட்டர் நகர்வு. அலை நீளமாக இருப்பதால் செடிகொடிகளை ஊடுருவும். சுரங்கத்துக்கு மேல் வேகமாக இறங்கும் தரையையும் தவறவிடாது. இதன் தரவு எல்லோருக்கும் இலவசம்.

இந்த அளவைக் கணினி சொன்ன தாழ்வோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப் போகாவிட்டால், கொடுத்த பாறை எண்களைத் திருத்தி, அளந்த பள்ளமே கணினியிலும் வரும்வரை மாற்றிமாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படிச் சரிபார்த்த மாதிரியை வைத்துத்தான் அடுத்த பகுதியில் கரி வெட்டலாமா, எவ்வளவு அகலம் வெட்டலாம், எத்தனை தூணை விட்டுவைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.